மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோரு எழுத்துகள்

நஞ்சப்பன் தன் கல்யாணத்தன்று மொத்தமே மூன்று வார்த்தைதான் பேசினார் என்று அவர் மனைவி துளசிமணி அந்த ஆஸ்பத்திரியில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ‘மோர்’, ‘போதும்’, ‘கெளம்பலாம்.’ அதற்குப் பிந்தைய முப்பத்தொரு வருடத்திலும் நிலைமை பெரிதாகத் தேறவில்லையாம். சொன்னதை இரண்டாம் தடவை சொல்லும் வழக்கமும் அவரிடம் கிடையாது. காதில் விழாவிட்டால் அது கேட்டவர் பாடு. கோயமுத்தூரில் பம்ப் செட்டுக்கு உதிரி பாகம் கடைகிற லேத் பட்டறை அவருடையது. நாள் முழுக்க இரும்பு கிறீச்சிடும் இடத்தில் நின்று நின்று, வாயைத் திறப்பது வீண் வேலை என்று முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது.

பேச்சே வேண்டாம் என்றிருந்த அந்த மனிதருக்குத்தான் பேச்சு போனது. மூளையின் அடித்தண்டில் ஒரு ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதில் கண்ணிமை உட்பட எல்லாம் நின்றுவிட்டது. மூச்சு விட மெஷின் வைத்தார்கள். காதருகே வாய் வைத்துப் பேசினால் கேட்கும், அறிவு விழித்திருக்கும், ஆனால் உள்ளே இருப்பவர் வெளியே வர ஒரு வாசலும் கிடையாது.

அந்த வாசலுக்குத்தான் ‘சொல்லி’ என்று பேர் வைத்திருந்தார்கள். தலையில் மாட்டும் ஒரு வலை, கட்டிலருகே ஒரு கறுப்புத் திரை, அவ்வளவுதான். உள்ளே சும்மா ஓடும் நினைப்பையெல்லாம் அது பிடிக்காது. சொல்லவேண்டும் என்று மனிதர் எடுத்து வைக்கிற வார்த்தையை மட்டும் பிடித்துத் திரையில் வெள்ளை எழுத்தாகப் போடும். ஆரம்பத்தில் குரலும் கொடுத்துப் பார்த்தார்கள். அசையாமல் கிடப்பவரின் பேச்சு சுவரிலிருந்து வருவதைக் கேட்ட குடும்பத்தார் வார்டை விட்டே ஓடினார்கள். அதனால் குரலை எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் வைத்தார்கள்.

அந்தச் சொல்லியை ஓட்டுகிற நிரலில், அதாவது புரோகிராமில், முக்கால்வாசி திலகவதி எழுதியது. கரூர்க்காரி, முப்பத்து நாலு வயது. ஒன்பது வருடமாக அவள் செய்த ஒரே வேலை இதுதான். தன் வேலையால் ஊமைகள் பேசுகிறார்கள் என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. அதில் தப்பில்லை. அதை யாரிடமும் காட்டிக்கொள்ளாமலும் இருந்தாள்.

வலைகள் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம். அதனால் ஒரு விதி வைத்திருந்தார்கள். தினமும் காலை பத்து மணிக்கு நெருங்கிய உறவினர் நோயாளியின் காதருகே ஒரு கேள்வி கேட்கவேண்டும். பதில் வராவிட்டால் கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் நாளின் எண்ணைப் போட்டு ‘பதில் இல்லை’ என்று எழுதுவார்கள். தொடர்ந்து பதினான்கு நாள் அப்படிப் போனால் உள்ளே விழித்திருந்தவர் போய்விட்டார் என்று அர்த்தம். வலையைக் கழற்றி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். குடும்பத்தார் கையெழுத்துப் போட்டால் மூச்சு மெஷினையும் நிறுத்திவிடலாம்.

முதல் ஒரு மாதம் நஞ்சப்பன் பேசத்தான் செய்தார். அவர் அளவுக்குப் பேசினார். ‘ஃபேன்’, ‘பட்டறைய பூட்டுனியா’, ‘அழாத.’ பிறகு ஒரு புதன்கிழமை திரை வெறுமையாகிவிட்டது. துளசிமணி தினமும் பத்து மணிக்குக் கேட்டார். பலகையில் எண் ஏறிக்கொண்டே போனது.

பதினான்காம் நாள் மதியம் இரண்டு மணிக்குத் திலகவதி வார்டுக்குள் நுழைந்தாள். நாலு மணிக்குத் துளசிமணி கையெழுத்துப் போடுவார், அதன் பிறகு வலையைக் கழற்றி எடுத்துப்போக வேண்டியது அவள் வேலை. இந்த மாதிரி நாட்களில் அவள் மதியம் சாப்பிடுவதில்லை.

துளசிமணி ஸ்டூலில் உட்கார்ந்து கணவருடைய கைவிரல்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். விரலிடுக்குகளில் பட்டறையின் கறுப்பு இன்னும் போகவில்லை.

“வா அம்மிணி. கழட்டத்தான வந்திருக்கற?”

“நாலு மணிக்குத்தான்மா. நான் சும்மா முன்னாடி வந்தேன்.”

“உக்காரு. இவரு எப்பவுமே இப்புடித்தான். போறேன்னு சொல்லிட்டுப் போற பழக்கம் கெடையாது. பட்டறைக்குப் போறப்பக்கூட செருப்புச் சத்தத்துலதான் தெரியும்.” துளசிமணி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “காலைல கேட்டேன். ஏனுங்க, நிறுத்தச் சொல்லட்டுமா, வேண்டாமான்னு. ஒண்ணும் வல்ல.”

திலகவதி எழுந்து பக்கத்துக் கட்டிலுக்குப் போய், அங்கே இருந்த நர்ஸ் ஜெசிந்தாவிடம் கருவியெல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பேச்சுக்குக் கேட்டாள். அந்தக் கட்டிலில் இருந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வாய் இருந்த காலத்திலும் ஓயாதவர், இப்போதும் ஓயாதவர்.

“ஓடுது மேடம். ஆனா ஐயாவுக்குக் கொஞ்சம் மறதி வந்துருச்சுன்னு நெனைக்கிறேன்,” என்றாள் ஜெசிந்தா. “முன்னெல்லாம் கேட்ட ஒடனே பதில் வரும். இப்ப அரை நாளு ஒண்ணுமே வராது. அப்பறம் மளமளன்னு ஒரு பக்கம் கொட்டும். காலைல கஞ்சி வேணுமான்னு கேட்டா, சாயங்காலம் தொடைச்சு விடறப்ப ‘கஞ்சி வேண்டாம்’னு வருது. டாக்டருகிட்டச் சொன்னேன். வயசாச்சுல்லன்னாங்க.”

“எப்ப இருந்து?”

“ரெண்டு வாரம் இருக்கும்.”

 திலகவதி நஞ்சப்பனின் கட்டிலுக்குத் திரும்பி வந்து, திரைக்குக் கீழே இருந்த விசைப்பலகையை இழுத்துத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அவசரத்தில் கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்தாள். வந்து சேரும் வார்த்தைகள் வெளியே போகுமுன் கொஞ்ச நேரம் தங்குகிற இடம் ஒன்று நிரலுக்குள் உண்டு. அவர்கள் அலுவலகத்தில் அதைத் தொட்டி என்பார்கள். தொட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்க யாருக்கும் அனுமதியில்லை, அதற்கு வழியும் வைக்கவில்லை. எத்தனை எழுத்து இருக்கிறது என்று மட்டும் கேட்கலாம்.

அவள் கேட்டாள். திரையின் ஓரத்தில் எண் வந்தது. 3911.

ஆளனுப்பிய பத்து நிமிடத்தில் வார்டு டாக்டர் சுகந்தி அவளருகே நின்றிருந்தார். ஐம்பது வயது, நின்றபடியே எல்லாவற்றையும் கேட்கிற ஆள்.

“ரெண்டே வரியில எனக்குப் புரியற மாதிரி சொல்லு திலகவதி. டைம் இல்ல.”

“ஷேர் ஆட்டோ பாத்திருக்கீங்கல்ல டாக்டர்? ஆள் நெறையாம கிளம்பாது. சொல்லியில வார்த்தை போற எடம் திரைன்னு தெரிஞ்சா, அது ஒரு ஆள் ஏறினாலும் கிளம்பிடும். ஏன்னா எதிர்ல ஒரு மனுஷன் காத்திட்டிருக்கான்னு அதுக்குத் தெரியும். போற எடம் திரை இல்லாம வேற எதாவதுன்னா, அவசரம் ஒண்ணும் இல்லன்னு நெனைச்சுக்கும். நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு எழுத்து நெறையற வரைக்கும் நிக்கும்.”

“இங்க திரைதானே இருக்கு?”

“இருந்துச்சு. பேசறதையெல்லாம் பதிவு பண்ணி வைக்கணும்னு உத்தரவு வந்துச்சே, அப்ப நான் மாத்தினேன். இப்ப வார்த்தை மொதல்ல பதிவேட்டுக்குப் போயி அங்கேருந்துதான் திரைக்கு வருது. அதனால அது யாரும் காத்திட்டில்லன்னு நெனைச்சுக்கிட்டு நிக்குது. நிக்காதன்னு ஒரு வரி எழுதியிருக்கணும். நான் எழுதல.” “ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி அது எல்லா ஆஸ்பத்திரிக்கும் போச்சு. மறுநாள் புதன்கிழமை இவர் பேச்சு நின்னுச்சு.”

“மத்தவங்களுக்கு நிக்கலையே.”

“அவங்க நெறையப் பேசறவங்க டாக்டர். தொட்டி சீக்கிரம் நெறஞ்சு ஊத்திடுது. வாத்தியாருக்கு அரை நாள்ல நெறையுது. இவர் கொஞ்சமாப் பேசறவரு.”

டாக்டர் சுகந்தி கட்டிலைப் பார்த்தார். பலகையில் இருந்த 14 என்ற எண்ணையும் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வர இடமிருந்தும் வரவில்லை, பயம்தான் வந்தது.

“அப்ப அவரு பேசிட்டேதான் இருந்திருக்காரா?”

“ஆமா.”

“வெளிய எடு. இப்பவே.”

இதைத்தான் திலகவதி பிற்பாடு ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்தாள். தப்பு பெரிதல்ல, விடுபட்ட வரியும் ஒன்றுதான். அதை எழுதிச் சேர்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சேர்த்தபின் அது வேலை செய்ய, ஓடிக்கொண்டிருக்கும் சொல்லியை நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிடவேண்டும். நிறுத்த இரண்டு வழிகள் உண்டு. முடித்துக்கொள் என்று முறையாகச் சொன்னால், அது கையில் இருப்பதையெல்லாம் ஊற்றிவிட்டுத்தான் போகும். இன்னொரு வழிக்கு அவர்கள் தொழிலில் ‘கில்’ என்று பேர். அதில் சொல்வதும் இல்லை கேட்பதும் இல்லை, நின்ற நிலையில் விழுந்துவிடும். அலுவலகத்துச் சோதனை மெஷினில் தொட்டியில் உருப்படியாக ஒன்றும் இருக்காது. முறையாக நிறுத்தினால் அரை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று அங்கே எல்லோரும் கில்தான் பண்ணுவார்கள். ஒன்பது வருடமாக, ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை, அவள் விரல்கள் அதைத்தான் செய்துவந்தன.

டாக்டர் மூச்சு விடுவது தலைக்கு மேல் கேட்டது. மணி மூன்றை நெருங்கியிருந்தது. விரல்கள் தாமாகவே போய் வழக்கமானதை அடித்தன. திரை ஒரு தடவை கறுத்து, மறுபடி வந்து, கர்சர் மினுக்கத் தொடங்கியது.

ஓரத்தில் எண் இப்படி இருந்தது: 0.

திலகவதி விசைப்பலகையின் மேல் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“வந்துருச்சா?” என்றார் டாக்டர்.

ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. தொட்டியில் எதுவும் இல்லை, எண் தப்பாகக் காட்டியிருக்கிறது என்று சொன்னால் கேள்வி கேட்க ஊரில் யாருக்கும் விஷயம் தெரியாது. நாலு மணிக்குக் கையெழுத்து ஆகும், வலையை எடுத்துக்கொண்டு போய்விடலாம். அந்த நினைப்பு தனக்கு வந்ததே என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது. எழுந்து நேராகத் துளசிமணி முன்னால் போய் நின்றாள்.

“அம்மா, ஐயா இந்தப் பதினாலு நாளும் பேசினாரு. அது வெளிய வராம உள்ளயே நின்னு போச்சு. அது என் தப்பு. இப்ப அதை எடுக்கப் போயி நானே அழிச்சுட்டேன். அதுவும் என் தப்பு.”

துளசிமணிக்கு முதலில் எதுவும் ஏறவில்லை. கடைசி வார்த்தைகளை விட்டுவிட்டு முதல் வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டார்.

“பேசினாரா?”

“பேசினாரு.”

“எவ்வளவு அம்மிணி?”

“மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோரு எழுத்து. ரெண்டு மூணு பக்கம் வரும்.”

“அவரா?” துளசிமணி கணவரின் முகத்தைப் பார்த்தார், ஏதோ வேறு ஆளைக் கொண்டுவந்து கிடத்திவிட்டார்கள் என்பதுபோல. “எங்கூட்டுக்காரரா? முப்பத்தொரு வருசத்துல எங்கிட்டச் சேந்தாப்புல பத்து நிமிசம் பேசுனதில்லீங்களே.” பிறகுதான் மிச்சமும் உள்ளே போனது. “என்ன சொன்னாரு?”

“தெரியாதும்மா. யாருக்கும் தெரியாது.”

அவர் அடிப்பார், கத்துவார் என்று திலகவதி எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். துளசிமணி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். குனிந்து கணவரின் காதருகே வாயைக் கொண்டுபோனார்.

“ஏனுங்க. நாந்தானுங்க. கேக்குதுங்களா?”

திரையில் ஒன்றும் இல்லை. டாக்டர், ஜெசிந்தா, திலகவதி மூன்று பேரும் கர்சரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு நிமிடம் போயிருக்கும்.

*எல்லாம் சொல்லிட்டேன்*

ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். டாக்டர் சுகந்தி சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துத் தன் கோட்டுப் பையில் ஆழமாகப் போட்டார். இனி இன்றைக்குக் கையெழுத்து என்ற பேச்சில்லை.

“அம்மா, அவர்கிட்ட நடந்ததைச் சொல்லிடுங்க,” என்று திலகவதி தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள். அதற்குள் துளசிமணி பேசிவிட்டார்.

“கேட்டனுங்க. ஒண்ணு விடாமக் கேட்டனுங்க.”

*செய்வியா*

“செய்யறனுங்க. நீங்க சொன்ன மாதிரியே செய்யறன்.”

*சரி*

அதன் பிறகு திரை அசையவில்லை.

வராந்தாவில் திலகவதி கேட்டாள்: “ஏம்மா அப்படிச் சொன்னீங்க? கேக்கலன்னு சொல்லியிருந்தா மறுபடி சொல்லியிருப்பாரே.”

“அவரு ரெண்டாந் தடவ சொல்ற ஆளில்ல கண்ணு.” துளசிமணி சுவரில் சாய்ந்துகொண்டார். அவர் முகம் சுண்டியிருந்தது. “அது மட்டுமில்ல. பேசாத மனுசன் இந்தப் பதினாலு நாளா வாயத் தொறந்து மனசுல இருக்கறதையெல்லாம் எடுத்து வெச்சிருக்காரு. நான் பக்கத்துலயே உக்காந்துட்டு, ஏன் பேச மாட்டீங்கறீங்கன்னு தெனமும் கேட்டிருக்கறன். அத்தனையும் சொவுத்துக்கிட்டப் பேசுனீங்கன்னு எந்த வாயில சொல்றது? நீ சொல்லுவியா?”

திலகவதியால் சொல்ல முடியாது. அது அவளுக்கே தெரிந்தது.

கம்பெனியில் அவளை விடுப்பில் போகச் சொன்னார்கள். விசாரணை நடக்கும், அதுவரை எதையும் தொடாதே என்றார்கள். அவள் தினமும் காலை ஒன்பதரைக்கு வார்டுக்கு வந்தாள். வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. துளசிமணி சொன்னால் போய்விடலாம் என்றிருந்தாள், அவரும் சொல்லவில்லை. ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கி அவள் கையில் கொடுத்தார்.

“எழுது அம்மிணி. அவரு என்ன சொல்லியிருப்பாருன்னு நான் யோசிச்சுச் சொல்றன். ஒண்ணொண்ணாச் செஞ்சு முடிச்சுப் போடலாம்.”

சொன்ன மாதிரி செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. சொன்னது என்ன என்று தெரியாது. அதனால் சொல்லியிருக்கக் கூடியதையெல்லாம் செய்துவிடுவது என்று அந்த அம்மாள் முடிவு செய்திருந்தார். இதில் உள்ள பைத்தியக்காரத்தனம் திலகவதிக்குப் புரியாமல் இல்லை. அதைச் சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள்.

முதலில் லேத். பதினெட்டு வருடமாகப் பட்டறையில் வேலை செய்த சின்னராசுக்கு அதைக் கொடுத்தார். சின்னராசு ஆஸ்பத்திரிக்கே வந்து கட்டிலின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். துளசிமணி காதருகே குனிந்து, “நீங்க சொன்னீங்கல்ல, லேத்த சின்னராசுக்கே குடுத்துட்டனுங்க,” என்றார். திரையில் பதில் இல்லை.

அடுத்தது தம்பி ஆறுச்சாமி. நடுச்சுவர் தகராறில் ஒன்பது வருடமாக அண்ணனும் தம்பியும் முகம் பார்த்ததில்லை. துளசிமணி அவர் வீட்டு வாசலில் போய் நின்று கூட்டிவந்தார். வந்தவர் அண்ணனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி அழுதார். “தம்பியக் கூப்புடச் சொன்னீங்க, கூட்டியாந்துட்டனுங்க,” என்றார் துளசிமணி. அப்போதும் பதில் இல்லை.

துளசிமணி இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்ட தன் கண் புரை ஆபரேஷனைச் செய்துகொண்டார். கறுப்புக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்து அதையும் சொன்னார். வீட்டு வாசலில் அவர் ஆசையாக வைத்திருந்த இரண்டு சிமெண்ட் கொக்குகளை நஞ்சப்பனுக்குக் கண்டாலே ஆகாது. பதினொன்றாம் நாள் அவற்றைக் கடப்பாரையால் உடைத்துவிட்டு வந்தார். அன்றைக்கு மட்டும் சொல்லி முடித்ததும் கொஞ்சம் அழுதார். கொக்குக்காகத்தான் அழுதார் என்றே திலகவதிக்குத் தோன்றியது.

திலகவதி தினமும் ஓரத்து எண்ணைப் பார்த்தாள். எப்போது பார்த்தாலும் பூஜ்யம். நிரல் சரியாக ஓடியது, தொட்டியில் எதுவும் நிற்கவில்லை. இந்தத் தடவை அவர் உண்மையாகவே பேசவில்லை. பலகையில் எண் மறுபடி ஏறியது. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று.

பதினான்காம் நாள் பத்து மணிக் கேள்விக்கு முன்னால் துளசிமணி நோட்டை வாங்கிப் பார்த்தார். எல்லா வரிக்கும் எதிரே டிக் போட்டிருந்தது. ஒரே ஒரு வரியை மட்டும் அவர் சொல்லவும் இல்லை, அவள் எழுதவும் இல்லை. துளசிமணியின் மடியில், மூச்சு மெஷினை நிறுத்தச் சம்மதம் கேட்டு டாக்டர் கொடுத்த படிவம் இருந்தது.

“மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான் அம்மிணி. எல்லாத்தையும் செஞ்சாச்சு. இதையும் சொல்லியிருப்பாரோ என்னமோ.”

“போதும்னு சொல்றதுக்கு ஒரு வார்த்தை போதும்மா. அவர் ரெண்டு மூணு பக்கம் பேசியிருக்காரு. விட்டுருங்கன்னு சொல்றவரு அவ்வளவு பேசுவாரா?”

“அந்த ரெண்டு மூணு பக்கத்துல ஒரு வரி இதுவா இருந்திருந்தா?”

 டாக்டர் சுகந்தி வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். ஜெசிந்தா பலகையில் எழுத மார்க்கரோடு வந்தாள். மணி பத்தாயிற்று.

துளசிமணி காதருகே குனிந்தார். கேள்வி கேட்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

“ஏனுங்க. உங்ககிட்டப் பொய் சொல்லிட்டனுங்க. பொய்யோட உங்கள அனுப்ப மனசு வல்ல. அன்னைக்கு நீங்க சொன்னது ஒண்ணுமே நான் கேக்கல. மெஷின்ல நின்னு அழிஞ்சு போச்சு. என்ன சொன்னீங்கன்னு யாருக்கும் தெரியாதுங்க. நானாத்தான் இதா இருக்கும் அதா இருக்கும்னு ஒவ்வொண்ணாச் செஞ்சேன். என்னை வையறதுன்னா வைஞ்சுருங்க.”

கர்சர் மினுக்கியது. ஜெசிந்தா மார்க்கரின் மூடியைத் திறந்தாள், மூடினாள். எவ்வளவு நேரம் என்று யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

*அப்ப லேத்து*

துளசிமணி இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

*குடுக்கச் சொன்னது நானில்லையா*

“தெரியலீங்களே. சொன்னீங்களா?”

*ஞாபகமில்ல*

 அடுத்ததாக வந்த வரி அந்தத் திரையில் அவர் அதுவரை சொன்னதிலேயே நீளமானது. ஒவ்வொரு வார்த்தையாக, நடுவில் நீண்ட இடைவெளி விட்டு வந்தது.

*எல்லாம் சொன்னேன்னு மட்டும் தெரியுது. என்னன்னு நிக்கல. நீ வந்து சொல்லச் சொல்ல ஓ அதான் சொன்னேன்போலன்னு கேட்டுக்கிட்டிருந்தேன்*

டாக்டர் சுகந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூளையில் அடைப்பு பரவியிருக்கலாம் என்று அவர் இரண்டு வாரமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். இப்போது சந்தேகம் இல்லை, அவருக்கு ஞாபகம் போகத் தொடங்கியிருந்தது. உள்ளே விழித்திருந்த மனிதரிடம் நிற்காத ஒன்றை, வெளியே வைத்திருந்த ஒரே இடம் அந்தத் தொட்டிதான். நிரல் தெரிந்த திலகவதிக்கும் நோய் தெரிந்த டாக்டருக்கும் அந்த ஒரு விஷயம் மட்டும் அன்றைக்குத் தோன்றாமல் போயிருந்தது.

ஜெசிந்தா பலகையைத் துடைத்துவிட்டு ‘நாள் 1’ என்று எழுதப் போனாள். பதில் வந்திருப்பதால் அதுகூட எழுதத் தேவையில்லை என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள்.

*கொக்கு*

“ஒடச்சுப் போட்டனுங்க. ரெண்டையும்.”

*அது சரி*

துளசிமணி அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்துக்கொண்டார். படிவத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகினார். ஸ்டூலை இழுத்துக் கட்டிலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

“சரி வுடுங்க. போனது போகட்டும். இப்பச் சொல்லுங்க, நான் கேக்கறன். இந்தப் புள்ள மெஷினச் சரி பண்ணிப் போட்டா. சொன்ன ஒடனே வந்துருது பாருங்க. எங்கிட்ட என்ன சொல்லணும்னு இருந்தீங்களோ, அத இப்பச் சொல்லுங்க.”

இந்தத் தடவை நேரமாகவில்லை. எழுத்துகள் வந்த வேகத்தில் அவர் காத்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

*என்ன சொல்லணும்னு இருந்தேன் துளசி*

துளசிமணி திரையை ஒரு தடவை வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திலகவதி பக்கம் திரும்பி, அவள் ஏதாவது சொல்லுவாள் என்பதுபோல முகத்தைப் பார்த்தார்.

அவளிடம் இருந்தது ஒரு எண் மட்டும்தான்.